சி.எஸ். ஜெயராமன் குரலில் ரசிக்க என்ன இருக்கிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா, பழைய சினிமாப் பின்னணிப் பாடகர் சி.எஸ். ஜெயராமனின் பாட்டென்றால் உயிரை விடுகிறவர். மகனுக்குப் பிடித்தவர்கள் எஸ்.பி.பி., ஜேசுதாஸ், சித் ஸ்ரீராம். "ஜெயராமன் மூக்கால் பாடுவது போலவே எனக்குக் கேட்கிறது. அப்பா எதை ரசிக்கிறார் என்று புரியவில்லை. எங்கிருந்து தொடங்கிக் கேட்டால் பிடிபடும்? கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு என்று சினிமாப் பாட்டில் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" என்கிறார். கடலூரில் மெல்லிசைக் குழுக்களில் ஆர்மோனியமும் அப்புறம் கீபோர்டும் வாசித்து, இந்தப் பாட்டுகளோடேயே வாழ்ந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மூக்கிலிருந்தே தொடங்கலாம். ஜெயராமன் குரலில் மூக்கொலி உண்டு, நிச்சயம் உண்டு. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் 1917இல் சிதம்பரத்தில் பிறந்தவர். அந்தத் தலைமுறைப் பாடகர்கள் வளர்ந்த காலத்தில் மைக் எல்லா இடத்துக்கும் வந்துவிடவில்லை. நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். தொண்டையை மட்டும் நம்பிக் கத்தினால் இரண்டு பாட்டில் குரல் கட்டிவிடும். முகத்தின் முன்பக்கத்தில், மூக்கும் நெற்றியும் சேரும் இடத்தில் ஒலியை அதிர விட்டால் பாடுபவருக்குச் சிரமம் குறையும், குரல் கூர்மையாகத் தூரம் போகும். எம்.கே. தியாகராஜ பாகவதர் தலைமுறையின் குரல்கள் எல்லாம் ஏறக்குறைய அந்த வார்ப்புத்தான். மைக் பரவிய பிறகு காதோடு பேசுகிற மாதிரிப் பாட முடிந்தது. ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாசும் அப்படி வந்தவர்கள். உங்கள் காது பழகியது இந்த இரண்டாவது வகைக்கு. எனவே முதல் வகை அந்நியமாகத் தெரிவதில் அதிசயம் இல்லை.

ஆனால் அப்பா ரசிப்பது மூக்கை அல்ல, அந்தக் குரலில் வருகிற சொல்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நம் பக்கத்துப் பாட்டு என்று ஒன்று இருக்குமானால், அதில் குரல் எவ்வளவு இனிமை என்பது அப்புறம். சொல் எவ்வளவு முழுசாக வெளியே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் காதோடு கேட்டால் ஜெயராமனும் பிடிபடுவார், சீர்காழி கோவிந்தராஜனும் பிடிபடுவார், பாரதிதாசன் பாட்டுகள் சினிமாவில் ஏன் அத்தனை நன்றாக நின்றன என்பதும் பிடிபடும்.

1952 தீபாவளிக்கு வந்தது 'பராசக்தி'. சிவாஜி கணேசனுக்கு அது முதல் படம். ஆர். சுதர்சனம் இசை. அதில் சிவாஜிக்குப் பாடியவர் ஜெயராமன். "கா கா கா" பாட்டைத்தான் எல்லாருக்கும் தெரியும். உடுமலை நாராயணகவி எழுதியது. காக்கை கூடி உண்கிறது, மனிதன் அப்படி இல்லை என்று சொல்கிற பாட்டு. பல்லவியில் குரல் ஒரு கூப்பிடுதலாக, விளையாட்டாக இருக்கும். சரணத்தில் பசியைப் பற்றிச் சொல்ல வரும்போது அதே குரல் சற்று இறுகும். மெட்டு மாறவில்லை, தாளம் மாறவில்லை, சொல்லை உச்சரிக்கிற அழுத்தம் மட்டும் மாறுகிறது. முதல் தடவை கேட்கும்போது இதைக் கவனிக்க மாட்டீர்கள். மூன்றாவது தடவை கேட்கும்போது வேறு எதையும் கவனிக்க மாட்டீர்கள்.

அடுத்து 'ரத்தக்கண்ணீர்', 1954. பாட்டுகளுக்கு இசையமைத்தவரும் ஜெயராமனே. பின்னணி இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. "குற்றம் புரிந்தவன் வாழ்க்கையில் நிம்மதி கொள்வது ஏது?" என்ற பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள், குறைந்தபட்சம் கேலிக்காவது யாராவது பாடிக் கேட்டிருப்பீர்கள். ஒரு வரி ஜெயராமன் பாடுவார், இடையில் எம்.ஆர். ராதா பேசுவார். பாட்டு அழுகிறது, பேச்சு தன்னைத்தானே குத்திக் கிழிக்கிறது. இரண்டும் ஒரே மனிதனுடைய மனசிலிருந்து வருவது போல இருக்கும். தமிழ் சினிமாவில் இதற்கு இணையான பாட்டு எனக்குத் தெரிந்து கிடையாது.

இதை மேடையில் செய்வது எத்தனை கஷ்டம் என்பது வாசித்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் மிமிக்ரி செய்கிற ஒருவர் ராதா குரலை எடுத்துக்கொள்வார். பாடகர் ஒரு வரி பாடி நிறுத்துவார். ராதா குரல் பேசத் தொடங்கியதும் கூட்டம் ஆர்ப்பரிக்கும், கைதட்டல், விசில். அந்தச் சத்தத்துக்கு நடுவே தபேலாக்காரர் தாளத்தை விரலால் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். நான் ஆர்மோனியத்தில் சட்ஜத்தை, அதாவது ஆதாரமான 'ச' சுரத்தை மட்டும் சன்னமாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். பேச்சு முடிந்த அடுத்த நொடியில் பாடகர் சுருதி பிசகாமல் அதே வேதனையோடு உள்ளே வர வேண்டும். கைதட்டலில் மயங்கி ஒரு இழை மேலே போய்விட்டால் போச்சு, அடுத்த வரி நாடகமாகிவிடும். நல்ல பாடகர்கள் அந்த இடைவெளியில் கூட்டத்தைப் பார்க்கவே மாட்டார்கள், தலையைக் குனிந்தபடி ஆர்மோனியத்தின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரிஜினலைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஜெயராமன் திரும்பி வருகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது.

மூன்றாவதாக நான் சொல்வது 'சம்பூர்ண ராமாயணம்', 1958. கே.வி. மகாதேவன் இசை. இராவணன் வேஷம் டி.கே. பகவதி, குரல் ஜெயராமன். இந்தப் படத்தில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, "வீணைக் கொடியுடைய வேந்தனே" என்று தொடங்கும் பாட்டு. சபையில் இராவணனிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறார்கள், அவன் ஒவ்வொரு ராகமாகப் பாடிக்காட்டுகிறான். காலையில் பாடுவது பூபாளம், உச்சிப்பொழுதுக்கு சாரங்கா, மாலைக்கு வசந்தா, இரக்கத்துக்கு நீலாம்பரி, மகிழ்ச்சிக்குத் தன்யாசி, யுத்தத்துக்குக் கம்பீர நாட்டை, வெண்பாவுக்குச் சங்கராபரணம், அகவலுக்குத் தோடி, யாழுக்குக் கல்யாணி, கடைசியாகக் கைலாயநாதனையே கட்டிப்போட்ட காம்போதி. ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிக்குள் ராகத்தின் முகம் முழுசாகத் தெரிய வேண்டும். சங்கீதம் படிக்காத எத்தனையோ பேர் தோடிக்கும் சங்கராபரணத்துக்கும் வித்தியாசம் கற்றுக்கொண்டது இந்தப் பாட்டில்தான். என் பக்கத்து வீட்டில் இருந்த நாயனக்காரர் ஒருவர், ரேடியோவில் இது வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு திண்ணைக்கு வந்துவிடுவார். காம்போதி முடிந்த பிறகுதான் அடுத்த கவளம்.

இன்னொன்று, "இன்று போய் நாளை வாராய்." கம்பன் சொன்ன இடம். ஆயுதமெல்லாம் இழந்து வெறுங்கையோடு நிற்கும் இராவணனைக் கொல்லாமல் "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்று இராமன் அனுப்பிவிடுகிறான். படத்தில் அந்தச் சொல்லை இராவணன் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடுகிறான். எனைப் பார்த்து ஒரு மனிதன் இப்படிச் சொல்வதா என்ற அவமானம். இங்கே ஜெயராமனுடைய அந்த மூக்கொலி, நீங்கள் குறை சொல்கிற அதே மூக்கொலி, என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வழவழப்பான குரல் ஒன்று இதைப் பாடியிருந்தால் இராவணன் சோர்ந்துபோனவனாகத் தெரிவான். ஜெயராமன் பாடும்போது அடிபட்டும் கம்பீரம் போகாதவனாகத் தெரிகிறான். கௌரவம் குலைந்த ஒரு பெரிய மனிதனின் வலிக்கு அந்தக் குரலை விட்டால் வேறு குரல் இல்லை.

இந்த மூன்றோடு 'பாவை விளக்கு' (1960) படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் கே.வி. மகாதேவன். "காவியமா நெஞ்சின் ஓவியமா" சுசீலாவோடு பாடியது. தாஜ்மகாலில் எடுத்த காட்சி. "வண்ணத் தமிழ்ப் பெண்ணொருத்தி", "ஆயிரம் கண் போதாது வண்ணக்கிளியே" இரண்டும் அதே படம். காதல் பாட்டுக்கு இவர் குரல் பொருந்துமா என்று சந்தேகம் இருந்தால் "காவியமா"வைக் கேட்டால் தீர்ந்துவிடும். முதல் சொல்லின் "வி"யை அவர் நெளிக்கிற நெளிப்பு ஒன்று இருக்கிறது. மேடையில் அதைப் பாடச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே வழுக்குவார்கள். அவர் பாட்டுகளில் உச்சஸ்தாயிக்குப் பயப்பட வேண்டியது குறைவு. கஷ்டமெல்லாம் இந்த மாதிரிச் சின்னச் சின்ன அசைவுகளில்தான். சுசீலாவோடு பாடிய இன்னொரு பாட்டு 'புதையல்' (1957) படத்தின் "விண்ணோடும் முகிலோடும்." அதைக் கேட்க எந்த முன்தயாரிப்பும் வேண்டாம், யாருக்கும் பிடிக்கும்.

சரி, நம் பக்கத்துக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். நிறைய இருக்கிறது தம்பி.

சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி வரை இந்தக் கரையோரத்தில் பாட்டு என்பது முதலில் ஓதுவார் வாயில் இருந்தது. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் "சொற்றுணை வேதியன்" பாடிக் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலில் இன்றும் ஓதுவார் பாடுவதைக் கேளுங்கள். பண் இருக்கும், அசைவு இருக்கும், ஆனால் சொல்லைத் தின்னவே மாட்டார். எந்த எழுத்தும் காதில் விழாமல் போகாது. இந்த ஊர்க்காரர்களின் காது அதில் பழகியது.

அதே சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் தமிழில் பாட வேண்டும் என்ற இயக்கம் வளர்ந்ததும், 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும் அங்கேதான். கச்சேரியில் பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும் ஒலித்த காலம். கேட்பவனுக்குப் பொருள் விளங்கப் பாடு என்று கேட்பதே அப்போது பெரிய சண்டையாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை வகித்தவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். தேவாரம் பாடுகிற மரபில் வந்தவர். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடியவரும் அவர்தான்.

தேசிகர் செய்த ஒரு காரியத்துக்காக நம் பக்கம் முழுதும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் பாரதிதாசன் எழுதிய "துன்பம் நேர்கையில் யாழெடுத்து நீ இன்பம் சேர்க்க மாட்டாயா" பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டுப் போட்டார். வடக்கிலிருந்து வந்த ராகம் அது. அதில் ஒரு கெஞ்சலும் இருக்கும், ஒரு குளிர்ச்சியும் இருக்கும். அந்தப் பாட்டுக்கு வேறு ராகத்தை இப்போது யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. 1951இல் 'ஓர் இரவு' படத்தில் அது வந்தது. அண்ணாதுரையின் கதை, சுதர்சனம் இசை. பாடியவர்கள் எம்.எஸ். ராஜேஸ்வரியும் வி.ஜே. வர்மாவும். 'களத்தூர் கண்ணம்மா'வில் சிறுவன் கமல்ஹாசனுக்கு "அம்மாவும் நீயே" பாடிய அதே ராஜேஸ்வரிதான். குழந்தைக் குரலுக்குப் பேர்போனவர் இதில் எத்தனை நிதானமாகப் பாடுகிறார் என்று கேளுங்கள். "யாழெடுத்து" என்ற சொல்லில் ழகரம் நாக்கில் உருள்வது தெளிவாகக் கேட்கும். கச்சேரி மேடையில் இதைப் பெரிய வித்வான்கள் பாடும்போது ஒரே வரியைப் பலவிதமாக மாற்றிப் பாடும் சங்கதிகளை அடுக்கிக்கொண்டே போவதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. கேட்கிறவர் துன்பத்தில் இருக்கிறார், ஆறுதல் கேட்கிறார். அங்கே வித்தை காட்டுவதற்கு இடம் இல்லை.

பாரதிதாசனின் வரிகள் சினிமாவில் நின்றதற்குக் காரணம் அவற்றுக்குள்ளேயே நடை இருப்பதுதான். படித்தாலே தாளம் தட்டும். 1965இல் 'பஞ்சவர்ணக்கிளி' படத்தில் "தமிழுக்கும் அமுதென்று பேர்" சுசீலா பாடினார். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. அதே வருஷம் 'கலங்கரை விளக்கம்' படத்தில் "சங்கே முழங்கு", சீர்காழி கோவிந்தராஜனும் சுசீலாவும். அடுத்த வருஷம் 'சந்திரோதயம்' படத்தில் "புதியதோர் உலகம் செய்வோம்", மறுபடி சீர்காழி. 1972இல் 'நான் ஏன் பிறந்தேன்' படத்தில் "சித்திரச் சோலைகளே", டி.எம். சௌந்தரராஜன், சங்கர்-கணேஷ் இசை. தோட்டத்தைப் பார்த்து, உன்னைத் திருத்தி இந்த நிலைக்குக் கொண்டுவர எத்தனை தோழர்கள் ரத்தம் சொரிந்தார்களோ என்று கேட்கிற பாட்டு. உழைக்கிறவனைப் பற்றி எழுதிய பாட்டுகளில் இதை மிஞ்சியதை நான் கேட்டதில்லை. 2016இல்கூட 'அச்சம் என்பது மடமையடா' படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் "அவளும் நானும் அமுதும் தமிழும்" கவிதையை எடுத்துக்கொண்டார். விஜய் யேசுதாஸ் பாடினார். ஒவ்வொரு இணையையும் பிரித்து நிறுத்தி, அவசரமில்லாமல் பாடியிருக்கிறார். அந்தக் கவிஞர் இறந்தது 1964இல். அரை நூற்றாண்டு கழித்தும் வரியைத் திருத்தாமல் மெட்டுக்குள் உட்கார வைக்க முடிகிறதென்றால் அது அவருடைய காதின் பெருமை.

உங்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் "வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே" பாடியிருப்பீர்கள். அதுவும் பாரதிதாசன்தான், புதுச்சேரியின் தமிழ்த்தாய் வாழ்த்து. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டி எங்கள் பக்கம் வந்தால் "நீராருங் கடலுடுத்த", எம்.எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் அமைத்து, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. எல்லையில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டும் மனப்பாடம். எந்த ஊருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?

பாரதியை விட்டுவிட முடியுமா? 1908 முதல் 1918 வரை உங்கள் ஊரில் இருந்தவர். 'கண்ணன் பாட்டு' முழுக்க அங்கே பிறந்தது. அவருடைய 'குயில் பாட்டு'க்குப் பேர்போன முத்தியால்பேட்டைத் தோப்புக் குயிலைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். "சின்னஞ்சிறு கிளியே" பாட்டுக்கு பாரதி தன் கைப்படக் குறித்தது பைரவி ராகம், ரூபக தாளம். சுரம்கூட எழுதி வைத்திருக்கிறார். நாம் இன்று பாடுவதோ 1951இல் 'மணமகள்' படத்துக்கு சி.ஆர். சுப்பராமன் அமைத்த ராகமாலிகை, காப்பியில் தொடங்கி ராகம் ராகமாக மாறிப் போவது. எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது. கவிஞரே குறித்த மெட்டை மீறி ஒரு சினிமா மெட்டு ஜெயித்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் கிடையாது. குழந்தையைக் கொஞ்சும்போது மனசு ஒரே இடத்தில் நிற்காது, அதற்கு ராகம் மாறிக்கொண்டே போவதுதான் பொருத்தம். சுப்பராமனுக்கு அது புரிந்திருக்கிறது.

"காற்று வெளியிடைக் கண்ணம்மா" 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வந்தது. ஜி. ராமநாதன் இசை. பாடிய இருவருமே ஆந்திரத்தில் பிறந்தவர்கள், பி.பி. ஸ்ரீனிவாஸ் காக்கிநாடா, சுசீலா விஜயநகரம். டி.எம்.எஸ். மதுரைக்காரர் என்றாலும் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். தமிழ்ச் சொல்லைத் துல்லியமாகப் பாடுவதற்குத் தாய்மொழி தமிழாக இருக்க வேண்டியதில்லை, அந்த மொழிமேல் மரியாதை இருந்தால் போதும் என்பதற்கு இவர்களே சாட்சி. உங்களுக்குப் பிடித்த எஸ்.பி.பி.யும் அப்படித்தான். 1969இல் 'அடிமைப்பெண்' படத்தில் "ஆயிரம் நிலவே வா" பாடியபோது அவருக்குத் தமிழ் புதிது. அந்தப் பாட்டில் உச்சரிப்புக் குறை கண்டுபிடியுங்கள் பார்ப்போம்.

சீர்காழி கோவிந்தராஜனுக்குத் தனியாக ஒரு பதிலே எழுதலாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் என்றாலும் நம்ம ஆள்தான். அவர் குரல் வெண்கலம். ஆனால் வெண்கலக் குரல் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது அவருக்குச் செய்யும் அநியாயம். 'கர்ணன்' (1964) படத்தின் "உள்ளத்தில் நல்ல உள்ளம்" கேளுங்கள். அத்தனை பெரிய குரலை எவ்வளவு அடக்கிப் பாடுகிறார்! சாகக் கிடக்கிறவனின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் பேச மாட்டோம் இல்லையா, அதே அடக்கம்.

அப்புறம் டி.எம்.எஸ். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் அவர் சிவாஜிக்குப் பாடத் தொடங்கிய பிறகு, ஜெயராமனுக்கு சிவாஜி படங்களில் வாய்ப்பு மெல்லக் குறைந்தது உண்மை. சிவாஜியின் பேச்சுக் குரலும் டி.எம்.எஸ். குரலும் ஒட்டிக்கொண்ட விதத்தில் அது நடந்தே தீர வேண்டியது. ஆனால் டி.எம்.எஸ்.ஸின் தொகையறாக்களைக் கேட்கும்போது அந்தப் பழைய மேடைக்காரர்களின் பாணி உள்ளே ஓடுவது எனக்குத் தெரிகிறது. தொகையறா என்றால் பல்லவிக்கு முன்னால் தாளம் இல்லாமல் விரித்துப் பாடுகிற வரிகள். 'பாத காணிக்கை' (1962) படத்தின் "வீடு வரை உறவு" பாட்டுக்கு முன்னால் "ஆடிய ஆட்டமென்ன" என்று வருகிறதே, அதுதான். எங்கள் பக்கம் சாவு வீட்டில் மைக் செட் கட்டினால் முதலில் போடுகிற பாட்டு அது. தாளம் பிடித்து நடத்தாத இடத்தில் சொல் ஒன்றுதான் பாட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும். அங்கே டி.எம்.எஸ். விடுகிற இடைவெளிகளை அளந்து பாருங்கள்.

இன்றைய மேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் மாசி மகத்துக்கும், ஆடி மாசம் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றும்போதும் கச்சேரி நடக்கிறது. திறமையான பிள்ளைகள் பாடுகிறார்கள். டி.எம்.எஸ். பாட்டு என்றால் கீபோர்டுக்காரரிடம் வந்து "அண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். தாராளமாகச் சுருதியை இறக்கலாம், குரலைக் கெடுத்துக்கொள்வதற்கு அது ஆயிரம் மடங்கு மேல். என் ஆதங்கம் வேறு. டி.எம்.எஸ். மாதிரியே குரலைக் கனமாக்கிக்கொள்கிறார்கள், ஜெயராமன் மாதிரியே மூக்கை அடைத்துக்கொள்கிறார்கள். "அச்சு அசல் அவர் குரல்" என்று அறிவிப்பாளரும் சொல்கிறார், கூட்டமும் கைதட்டுகிறது. குரலைப் பிடிப்பதில் கவனம் போய்விடுவதால் சொல் கையை விட்டு நழுவுகிறது. இரண்டாவது சரணத்தில் வரி மாறிப் போனால்கூட யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிற ஒரு அம்மா, தன் சொந்தக் குரலில், எந்தப் பாவனையும் இல்லாமல், "அன்பாலே தேடிய என் அறிவுச் செல்வம் தங்கம்" பாடினார். 'தெய்வப்பிறவி' படத்தில் ஜெயராமன் பாடியது. ஆண் குரல் பாட்டு, அந்த அம்மாவின் சுருதிக்கு நாங்கள் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொண்டோம். ஒரு சொல்கூடத் தவறவில்லை. மேடையில் நான் கேட்ட ஜெயராமன் பாட்டுகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

இதையெல்லாம் எங்கள் தலைமுறை கேட்டது பெரும்பாலும் இலங்கை வானொலியில். கடற்கரை ஊர்களில் அது சென்னையைவிடத் தெளிவாக எடுக்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' வந்தால் டீக்கடையில் பேச்சுக் குறையும். பாட்டு போடுவதற்கு முன் படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் சொல்வார்கள். உடுமலையையும் மருதகாசியையும் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டது அப்படித்தான். இப்போது செல்பேசியில் பாட்டுக் கேட்கும்போது எழுதியவர் பெயர் கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் தேடியாவது பாருங்கள்.

கேட்கிற முறைக்கு ஒன்றிரண்டு யோசனை. பழைய பாட்டுகளில் எதிரொலி சேர்த்து, தாளத்தை ஏற்றிப் புதுப்பித்ததாகச் சொல்லிப் போடுகிறார்கள், அவற்றைத் தொட வேண்டாம். ஜெயராமன் குரலின் கூர்மையை அவை மழுக்கிவிடும், மிச்சம் இருப்பது வெறும் மூக்கொலிதான். உங்களுக்கு அப்படிக் கேட்டதற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். கரகரவென்று இருந்தாலும் பழைய ஒலித்தட்டிலிருந்து எடுத்ததையே தேடுங்கள். காதுக்குள் செருகுகிற இயர்போனில் வேண்டாம், அறையில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் வைத்துச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். தூரத்துக்குப் பாடிய குரல் அது.

"விண்ணோடும் முகிலோடும்" முதலில், "கா கா கா" அடுத்து, பிறகு "காவியமா." அவை மனசில் நின்ற பிறகு "வீணைக் கொடியுடைய வேந்தனே." "குற்றம் புரிந்தவன்" பாட்டைத் தனியாகக் கேட்காமல் படத்தோடு பாருங்கள். 'தங்கப்பதுமை' (1959) படத்தின் "ஈடற்ற பத்தினியின்" பாட்டும் அப்படியே, நடுவில் பத்மினி பேசுவார், சிவாஜியின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பாட்டு பாதிதான். அதற்கு அப்பாவையும் கூட உட்கார வையுங்கள். எந்த வரியில் எதை ரசிக்கிறார் என்று அவரிடமே கேட்டுவிடலாம், என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.